வாசலுக்கே வந்து கார் சுத்தம் செய்யும் தொழில்: நம் இளைஞர்களுக்கு ஒரு பாடம்



மூக்கண்டப்பள்ளியைச் சுற்றியுள்ள சிப்காட் ஆலைகளில் நம் பிள்ளைகள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வேலை செய்கிறார்கள். ஆலைக்கு ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் இவர்கள்தான். அப்படி நின்றுபோன இளைஞர்கள் "குறைந்த முதலில் ஏதாவது தொழில் சொல்லுங்கள் ஹஜ்ரத்" என்று நம் அலுவலகத்துக்கு வருகிறார்கள். அவர்களில் சிலர், வாடிக்கையாளரின் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ போய் அங்கேயே காரைச் சுத்தம் செய்து கொடுக்கும் தொழிலைத் தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களுக்குப் பணம் கொடுக்கப் போகும் பெற்றோருக்காகவும் இந்தப் பாடம்.

"கார் கழுவ ஒரு பாடமா?" என்று சிலர் சிரிக்கலாம். ஒரு வாளி, ஒரு பழைய துணி, கொஞ்சம் சோப்புத்தூள் போதும் என்று நினைப்பவர்களால்தான் இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயர். பத்து லட்சம் ரூபாய் கொடுத்து ஒருவர் வாங்கிய காரின் மேல் கை வைக்கிறோம். அரை மணி நேர அலட்சியத்தில் அந்த வண்டியின் பளபளப்பைக் கெடுத்துவிட முடியும். ஈரத்தில் மின்சாரத்தைக் கையாளும்போது நம் உயிரையே இழந்துவிடவும் முடியும். ஆகவே கற்றுக்கொண்டு இறங்குவதுதான் நல்லது.

ஏன் இந்த ஊரில் இந்தத் தொழில்?

ஓசூர் 2019-இல் மாநகராட்சியானது. ஒரு பக்கம் தொழிற்சாலைகள். மறு பக்கம் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி. அங்கே வேலை பார்த்துக்கொண்டு இங்கே குடியிருப்பவர்கள் அதிகம். காலையில் போய் இரவில் திரும்பும் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு. அந்த நாளில் வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் வரிசையில் காத்திருக்க அவர்கள் விரும்புவதில்லை. கார் நிற்கும் இடத்துக்கே ஆள் வந்தால் கூடுதலாகக் கொடுக்கவும் தயாராக இருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. எல்லையில் வளர்ந்ததால் தமிழ், உருது, தெலுங்கு, கன்னடம் என்று நான்கு மொழியிலும் பேசிச் சமாளிக்கிறார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய நம் சகோதரர்களில் சிலருக்கு, அங்கே கட்டடங்களின் பார்க்கிங்கில் வாளியும் துணியுமாகக் கார் துடைத்த அனுபவமும் இருக்கிறது. இதையெல்லாம் ஒழுங்குபடுத்தினால் ஒரு நல்ல தொழில் கிடைக்கும்.

முதல் பாடம்: தண்ணீர்க் கணக்கு

உளூச் செய்யும்போது தண்ணீரை வீணாக்காதே என்பது மதரஸாவில் நாம் படித்த முதல் பாடங்களில் ஒன்று. தொழிலிலும் முதல் பாடம் அதுதான்.

சாதாரண ஹோஸ் குழாயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 லிட்டர் தண்ணீர் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காருக்கு 15 நிமிடம் திறந்துவிட்டால் 180 லிட்டர். ஒரு நாளைக்கு ஆறு கார் என்றால் 1,080 லிட்டர். ஒரு குடும்பம் சில நாள் புழங்கும் தண்ணீர் இது. அதே ஆறு கார்களை இரண்டு வாளியும் கையால் அழுத்தும் ஸ்பிரேயரும் கொண்டு கழுவினால் காருக்கு 30 லிட்டர் போதும். ஆறுக்கும் சேர்த்து 180 லிட்டர். ஒரு 200 லிட்டர் டிரம்மைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டால் அன்றைய வேலை முழுவதும் முடிந்துவிடும். வாடிக்கையாளர் வீட்டுக் குழாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதே இல்லை.

இது சிக்கனம் மட்டுமல்ல, சட்டமும்கூட. பெங்களூரில் 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாடு வந்தபோது, அந்நகரக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் குடிநீரில் வாகனம் கழுவுவதைத் தடை செய்தது. தோட்டத்துக்குப் பாய்ச்சுவது, கட்டுமானம் ஆகியவற்றுக்கும் தடை. மீறினால் 5,000 ரூபாய் அபராதம்; மீண்டும் மீறினால் இன்னொரு 5,000-த்துடன் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். முதல் சில நாள்களிலேயே 22 வீடுகளிடமிருந்து 1.10 லட்சம் ரூபாய் வசூலித்தார்கள். 2025 பிப்ரவரியில் கோடை தொடங்கும் முன்பே அதே தடையை மீண்டும் அறிவித்தார்கள். ஆகவே எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் குடிநீர்க் குழாயில் கை வைக்கவே கூடாது. சுத்திகரிக்கப்பட்ட மறுபயன்பாட்டு நீர் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கிடைக்கிறது. அது தெளிவாகவும் வாடை இல்லாமலும் இருந்தால் டயருக்கும் மிதியடிக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இது பெங்களூருக்கு மட்டுமான கதையல்ல. 2019-இல் சென்னை வறண்டபோது நம் பக்கத்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது நினைவிருக்கும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018-இல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தியபோது, மாநகராட்சிக் குடிநீரில் கார் கழுவுவது முற்றிலும் தடை செய்யப்பட்டது. தண்ணீரை நம்பியே தொழிலை அமைத்தவர்களின் கடை அந்த மாதங்களில் மூடும். குறைந்த நீரில் கழுவப் பழகியவர்களுக்கு அப்போதும் வேலை இருக்கும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது தென்பெண்ணையில் மலைபோல் நுரை பொங்கி வருவதை நாம் பார்த்திருக்கிறோம். பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீரும் சோப்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. நாமும் நம் பங்குக்கு ராமநாயக்கன் ஏரிக் கரையிலோ மழைநீர்க் கால்வாயிலோ சோப்பு நீரை விடுவது நியாயமில்லை. ஜெர்மனியின் பல நகரங்களில் வீட்டு வாசலில் சோப்பு போட்டுக் கார் கழுவவே அனுமதியில்லை. எண்ணெயும் சோப்பும் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கும் என்பதே காரணம். வாளியில் மீந்த அழுக்கு நீரைக் கழிவுநீர்ச் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும்.

இரண்டாம் பாடம்: நம் ஊர்த் தண்ணீர், நம் ஊர்த் தூசி

நம் மாவட்டத்து போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர், அதாவது கடின நீர். புளோரைடு பிரச்சினைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு வந்தது. கடின நீர் காரின் மேல் காய்ந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும்; அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். கறுப்புக் காரிலும் கண்ணாடியிலும் அது நன்றாகத் தெரியும். வெயிலில் பல நாள் ஊறினால் பாலிஷ் போட்டாலும் முழுதாகப் போகாது.

இதற்கு வழி எளிது. சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கே 500 வரை நல்லது என்பது இந்தியத் தர அளவு. 500-ஐத் தாண்டிய தண்ணீரில் கழுவினால் ஒரு பகுதியை முடித்தவுடன் துடைத்து உலர்த்திவிட வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் 5 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ வைத்துக்கொண்டால் புள்ளி விழாது. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து கழிந்து வரும் தண்ணீரைப் பாத்திரம் பிடித்து வைத்துக் கொடுப்பார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். டயருக்கும் ரப்பர் மிதியடிக்கும் அதைப் பயன்படுத்துங்கள். பெயின்ட்டிலும் கண்ணாடியிலும் வேண்டாம்.

அடுத்தது தூசி. சிப்காட் பட்டறைகளில் இரும்பு கிரைண்டிங் செய்யும்போது பறக்கும் துகள் அருகில் நிறுத்திய வண்டிகளில் படிகிறது. பிறகு துருப்பிடித்துச் சிறு செம்புள்ளிகளாகத் தெரிகிறது. கிரானைட் அறுக்கும் இடங்களிலிருந்து வரும் தூளில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. அது காரின் மேல்பூச்சைவிடப் பல மடங்கு கடினம். இந்தத் தூசியின் மேல் காய்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல் வட்டக் கோடுகள் தெரிகின்றனவே, அவை பெரும்பாலும் தினமும் காலையில் வாட்ச்மேன் துடைத்த துணியால் வந்தவை.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பறவை எச்சம் பெயின்ட்டை அரிக்கும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. மாமரத்தடியில் நிறுத்திய வண்டியில் பிசின் ஒட்டியிருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து மெதுவாக ஒற்றினால் கரையும். நெடுஞ்சாலையில் இரவில் ஓடிய காரின் முன்பக்கம் பூச்சிகள் அப்பியிருக்கும். அதையும் ஊறவைத்தே எடுக்க வேண்டும். ஆயுத பூஜை முடிந்து வரும் வண்டிகளில் சந்தனம், குங்குமம் காய்ந்திருக்கும். அதைத் தொடும் முன் உரிமையாளரிடம் கேளுங்கள். சிலர் அது சில நாள் இருக்கட்டும் என்பார்கள். எடுக்கச் சொன்னால் தண்ணீரில் நனைத்த பிறகே எடுக்க வேண்டும்.

மூன்றாம் பாடம்: கழுவும் வரிசை

ஒன்று, நிழல். பானட்டில் கை வைத்தால் சுடுகிறது என்றால் தொடங்காதீர்கள். சூட்டில் ஷாம்பு காய்ந்து கறையாகும்.

இரண்டு, புகைப்படம். காரைச் சுற்றி நான்கு பக்கமும், ஏற்கெனவே உள்ள கீறல்களையும் போனில் எடுத்து, வேலை தொடங்கும் முன் உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். "என்ன பாய், இந்தக் கோடு இப்பப் போட்டதா?" என்று கேட்டால், "இல்லீங்க சார், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க" என்று அமைதியாகச் சொல்லலாம். பாதிச் சண்டை இதிலேயே தீரும்.

மூன்று, சக்கரம். டயரும் சக்கரமும்தான் அதிக அழுக்கு. அவற்றுக்குத் தனி வாளி, தனி பிரஷ், தனித் துணி. அந்தத் துணி எந்நாளும் பெயின்ட்டின் மேல் படக் கூடாது. நிறம் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: சக்கரத்துக்குக் கறுப்பு, உடலுக்கு நீலம், கண்ணாடிக்கு வெள்ளை.

நான்கு, முன் அலசல். ஸ்பிரேயரால் மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்து, மண்ணும் மணலும் தாமாக வழிய விடுங்கள். கை படும் முன் எவ்வளவு தூசி போகிறதோ அவ்வளவு கீறல் குறையும்.

ஐந்து, இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு நீர், மற்றதில் வெறும் நீர். துடைக்கும் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவிய பிறகு, வெறும் நீரில் அலசி மண்ணை விட்டுவிட்டுத்தான் மீண்டும் ஷாம்பில் நனைக்க வேண்டும். முதலில் கூரை, பிறகு கண்ணாடி, பானட், கதவின் மேல் பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப் பகுதியும் பம்பரும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் இழுங்கள்.

ஆறு, ஷாம்பு. துணிச் சோப்புத்தூள், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டும் வேண்டாம். அவை எண்ணெயை அறுப்பதற்காகச் செய்யப்பட்டவை. காரின் மேலுள்ள வாக்ஸ் பாதுகாப்பையும் சேர்த்து எடுத்துவிடும். அமிலமும் காரமும் இல்லாத, பிஎச் 7-ஐ ஒட்டிய கார் ஷாம்பு வாங்குங்கள்.

ஏழு, உலர்த்துதல். தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்க வேண்டும். துணி தரையில் விழுந்துவிட்டால், துவைக்கும் வரை அதைப் பையில் போட்டுவிடுங்கள். அந்த ஒரு மணல் துகள் போதும் கோடு போட.

தண்ணீரே இல்லாமல் ஸ்பிரே அடித்துத் துடைக்கும் முறையும் இருக்கிறது. வழவழப்பான திரவம் தூசியைச் சூழ்ந்துகொள்ள, துணியின் இழைகள் அதைத் தூக்கி எடுத்துவிடும். இரண்டு மூன்று நாள் லேசான தூசிக்கு இது நல்ல வழி. மழையில் சேறு அப்பிய காருக்கோ கிரானைட் தூள் படிந்த காருக்கோ இது கூடவே கூடாது. வாடிக்கையாளர் கேட்டாலும், "இதுக்குத் தண்ணி வேணும் சார்" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

நான்காம் பாடம்: பாலிஷ், வாக்ஸ், செராமிக்

காரின் இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. எல்லாம் சேர்த்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், காரின் பளபளப்பு முழுவதும் ஒரு முடியைவிட மெல்லிய அடுக்கில் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே.

காம்பவுண்ட் போட்டு மெஷினில் தேய்க்கும்போது கோடுகள் மறைவது எப்படி? கோடு நிரம்புவதில்லை, சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி மட்டமாக்குகிறோம். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகிறது. போனது திரும்பி வராது. ஆகவே மாதந்தோறும் ரப்பிங் பாலிஷ் போடுகிறேன் என்று சொல்பவர் வாடிக்கையாளரின் பெயின்ட்டை மாதந்தோறும் தின்கிறார். விரல் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலைத் தேய்த்துப் போக்க முயலக் கூடாது. அது பெயின்டர் வேலை. மெஷின் பழக விரும்புபவர், ஆக்கர் கடையில் பழைய பானட் ஒன்று வாங்கி அதில் கை பழகட்டும்.

வாக்ஸ் சில வாரம் முதல் இரண்டு மூன்று மாதம் வரை நிற்கும். செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ நிற்கும். ஆனால் அதற்குத் தூசியில்லாத மூடிய இடம் வேண்டும். பெயின்ட்டை முழுதும் எண்ணெய் நீக்கித் தயார் செய்ய வேண்டும். போட்ட பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது. சுமார் ஒரு வாரம் கழுவக் கூடாது. தெருவோரத்தில், லாரி போகும் தூசியில், ஒரு மணி நேரத்தில் அதைச் செய்ய முடியாது. செராமிக் என்று பெயர் போட்ட ஸ்பிரேயை அடித்துவிட்டுச் செராமிக் கோட்டிங் போட்டதாகப் பணம் வாங்குவது, எடையில் மோசடி செய்வதற்கு ஒப்பானது. அந்தக் காசு ஹலாலாகாது. "வாசலில் செய்ய முடிந்தது வாக்ஸ்தான் சார், மூணு மாசம் நிக்கும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். அந்த வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்துத் திரும்ப வருவார்.

ஐந்தாம் பாடம்: காரின் உள்ளே அமானிதம்

சாவியைக் கையில் கொடுத்துவிட்டு உரிமையாளர் உள்ளே போய்விடுகிறார். அந்த நேரம் முழுவதும் அந்தக் கார் நம்மிடம் அமானிதம். சீட்டுக்கு அடியில் சில்லறை கிடக்கும், கம்மல் கிடக்கும், குழந்தையின் பொம்மை கிடக்கும். எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு, ஒரு ரூபாய் நாணயம் உட்பட, கையில் கொடுங்கள். கிளவ் பாக்ஸைத் திறக்கச் சொன்னால் மட்டும் திறக்கவும்.

டாஷ்போர்டில் பிள்ளையார் இருப்பார், சிலுவை இருக்கும், ஆயத்துல் குர்ஸி இருக்கும். அது அவரவர் நம்பிக்கைக்குரியது. நீங்களாக நகர்த்தாதீர்கள். "சார், இதைக் கொஞ்சம் எடுத்து வச்சுக்கறீங்களா, துடைச்சதும் வச்சுக்கலாம்" என்று கேளுங்கள். பல மதத்தவரும் நம்பிக் கூப்பிடும் பெயர் இப்படித்தான் வளரும்.

வேலையில், முதலில் காய்ந்த அழுக்கு, பிறகுதான் ஈரம். வாக்குவம் போடாமல் நனைத்தால் தூசி சேறாகிச் சீட்டுக்குள் இறங்கும். திரவத்தைத் துணியில் அடித்துத் துடையுங்கள். ஸ்விட்சுகளின் மேலோ திரையின் மேலோ நேரடியாக அடிக்க வேண்டாம். சீட் பெல்ட்டுக்கு மென்மையான சோப்பு நீர் மட்டும். பிளீச், ஆசிட் பட்டால் அதன் இழை பலம் இழக்கும், அது உயிர் காக்கும் பட்டை. துணிச் சீட்டை நனைத்தால் கதவைத் திறந்து வைத்து முழுதும் உலர்த்திய பிறகே மூட வேண்டும், இல்லையேல் பூஞ்சை வாடை வரும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் பாலிஷ் தடவாதீர்கள், வழுக்கும். டயர் பாலிஷைப் பக்கச் சுவரில் மட்டும் தடவ வேண்டும். தரையில் படும் பகுதியிலும் பிரேக் டிஸ்க்கிலும் பட்டால் விபத்துக்கு நாமே காரணமாவோம்.

ஆறாம் பாடம்: நம் உயிர்

இந்தப் பகுதியைப் பெற்றோர் இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன்.

பிரஷர் வாஷர் வாங்கினால், 1,500 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சிறு பிளக்கில் போட்டால் சூடேறி உருகும். 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். எர்த் உள்ள மூன்று பின் பிளக், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்திய எக்ஸ்டென்ஷன் பெட்டி, இரண்டும் இல்லாமல் மெஷினைத் தொடாதீர்கள். கசிவு ஏற்பட்டால் நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிப்பது அந்த ஆர்சிசிபிதான். ஒயர் இணைப்பு தண்ணீரில் கிடக்கக் கூடாது. ரப்பர் செருப்பு இல்லாமல் நிற்கக் கூடாது. வாடிக்கையாளர் வீட்டு பிளக்கில் எர்த் இல்லை என்று தெரிந்தால், அன்று ஸ்பிரேயரும் வாளியும் போதும்.

மின்சாரக் கார்கள் இப்போது அதிகம். சார்ஜ் ஏறும்போது கழுவக் கூடாது. சார்ஜிங் மூடியிலும் பானட்டுக்குள்ளும் அழுத்த நீர் அடிக்கக் கூடாது.

ஆசிட் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சக்கரம் பளிச்சென ஆக ஒரு ஆசிட் இருக்கிறது என்று விலை மலிவாகக் கொடுப்பார்கள். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருந்தால், தோலில் பட்டதும் முதலில் வலியே தெரியாமல்கூட இருக்கலாம். உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. லேபிள் இல்லாத எந்தக் கேனையும் வாங்காதீர்கள். கழிவறை ஆசிடையும் பிளீச்சிங்கையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பார்க்கிங்கில் அது ஆளைக் கொல்லும்.

ஏழாம் பாடம்: வரவு செலவு

இது புரிந்துகொள்வதற்கான எடுத்துக்காட்டுக் கணக்கு. உங்கள் தெருவின் விலையைப் போட்டு நீங்களே திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர், மாதம் 25 நாள், ஒரு காருக்கு 350 ரூபாய். வட்டியில்லாக் கடனாக ஒரு லட்சம் கிடைத்து, மாதம் 5,000 வீதம் 20 மாதத்தில் அடைப்பதாக வைப்போம்.

நாளைக்கு ஆறு கார் என்றால் மாதம் 150 கார், வரவு 52,500. செலவு: பெட்ரோல் 3,750; ஷாம்பு முதலியவை காருக்கு 25 வீதம் 3,750; தண்ணீர் 500; துணி, பிரஷ் 1,500; போன் 500; மெஷின் பழுது நிதி 3,000; கடன் தவணை 5,000. ஆக 18,000. மீதி 34,500, ஆளுக்கு 17,250.

நாளைக்கு நான்கு கார் மட்டுமே கிடைத்தால் மாதம் 100 கார், வரவு 35,000. ஷாம்புச் செலவு 2,500 ஆகக் குறையும், மற்றவை குறையாது. மொத்தச் செலவு 16,750. மீதி 18,250, ஆளுக்கு 9,125 மட்டுமே. இரண்டு கார் குறைந்ததற்கே வருமானம் பாதியாகிவிட்டது, பார்த்தீர்களா? இந்தத் தொழிலின் வாழ்வும் சாவும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே விளம்பரத்துக்குச் செலவிடுவதைவிட, ஒரே அடுக்குமாடியில் பத்துப் பேரிடம் மாத ஒப்பந்தம் பேசுவது மேல். ஒரே இடத்தில் வேலை என்றால் பெட்ரோலும் மிச்சம், நேரமும் மிச்சம். மழை மாதங்களில் வெளிவேலை குறையும். அப்போது பார்க்கிங்குக்குள் சீட், கார்ப்பெட் சுத்தத்தை முன்வையுங்கள். ஆயுத பூஜை, பொங்கல், இரு பெருநாள்களுக்கு முந்தைய வாரங்களில் வருவதைச் செலவழிக்காமல் மழைக்காலத்துக்கு எடுத்து வையுங்கள்.

உத்யம் பதிவு ஆதாரை வைத்து இலவசமாகவே செய்யலாம். இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. முதலுக்கு வட்டிக்காரரிடம் போகாமல் முதலில் மஹல்லா பைத்துல்மாலைக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவும் வேண்டாம். வாளி, ஸ்பிரேயர், நல்ல துணி, ஷாம்பு, சிறு வாக்குவம் இவற்றோடு டூவீலரில் தொடங்கி, முப்பது நிரந்தர வாடிக்கையாளர் சேர்ந்த பிறகு வண்டியும் மெஷினும் வாங்கினால் போதும். கூட்டாளிகள் இருவரும் லாபப் பங்கையும் பொறுப்பையும் இரண்டு சாட்சிகளோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நட்பைக் காப்பதும் அந்தக் காகிதம்தான்.

பெற்றோருக்கும் ஜமாஅத்தாருக்கும்

"என் மகன் டிப்ளமோ படித்துவிட்டுக் கார் கழுவுவதா?" என்று வருந்தும் தகப்பனார்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னதில் வேதியியல் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, மனிதரோடு பேசும் பண்பு இருக்கிறது. இதையெல்லாம் கற்றவன் நாளை பத்துப் பேருக்கு வேலை கொடுப்பான். கையால் உழைத்து, தண்ணீரை வீணாக்காமல், சொன்னதைச் செய்து சம்பாதிக்கும் காசுக்கு எந்தக் குறைவும் இல்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் இதை மறைக்காமல் சொல்லும் துணிவை முதலில் நாம் கொடுக்க வேண்டும்.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

1. டிடிஎஸ் 800 உள்ள போர்வெல் தண்ணீர் மட்டுமே இருக்கிறது, மாலை நான்கு மணி வெயில், கறுப்புக் கார். என்ன செய்வீர்கள்?
2. கிரானைட் பட்டறை வாசலில் ஒரு வாரம் நின்ற காரை, தண்ணீர் இல்லாமல் துடைத்துத் தரச் சொல்கிறார் உரிமையாளர். என்ன பதில் சொல்வீர்கள்?
3. வீட்டு பிளக்கில் எர்த் இல்லை. மெஷினைப் போடுவீர்களா?
4. நாளைக்கு ஐந்து கார் கிடைத்தால் மேலே உள்ள கணக்குப்படி ஆளுக்கு மாதம் எவ்வளவு மிஞ்சும்?

நான்காவது கேள்விக்கு விடை 13,187 ரூபாய் 50 காசு. மற்ற மூன்றுக்கும் விடை இந்தப் பாடத்திலேயே இருக்கிறது. தொடங்க விரும்பும் இளைஞர்கள் விடைகளை எழுதிக்கொண்டு பெற்றோரில் ஒருவருடன் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்